கமக் கட்டடங்களில் மின்வடங்களைத் தாங்கிப் பொருத்தும் முறை

துலாவும் சூத்திரமும் இறைத்த கிணறுகளில் இன்று மின்மோட்டர்கள் இறைக்கின்றன. மாட்டுக்கொட்டிலுக்கு வெளிச்சமிடவும், தீன் அரைக்கவும், கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பமளிக்கவும் கமக்காரர்கள் மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். எனினும், ஒரு மோட்டரை வாங்குமுன் அதன் வலுவையும் விலையையும் பலரிடம் விசாரித்தறியும் கமக்காரர், அம்மோட்டருக்கு மின்னைக் கொண்டுசெல்லும் வடம் சுவரிலும் கூரையிலும் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதைக் கவனிப்பது அரிது. வீட்டிலே வடத்தை ஒழுங்காகப் பதித்தவர்கூடக் கொட்டிலுக்கு வரும்போது அதனைக் கைமரத்திற் கயிற்றாற் கட்டிவிடுகின்றார்; அல்லது வளைத்த ஆணியொன்றில் மாட்டிவிடுகின்றார். விளக்கு எரிகின்றது, மோட்டர் சுழல்கின்றது. ஆகையால் வேலை முடிந்ததென எண்ணப்படுகின்றது.

கமக் கட்டடங்களில் நிகழும் மின்விபத்துக்களுட் பல, இவ்வாறு கவனியாது விடப்பட்ட வடங்களிலிருந்தே தொடங்குகின்றன. தொங்கும் வடத்தை மாடு கொம்பால் இழுக்கின்றது, தகரத்தின் விளிம்பு அதன் உறையை அறுக்கின்றது, எலி கடிக்கின்றது, மழைநீர் உட்புகுகின்றது. இவற்றால் ஒரு கறவைப் பசு இறந்தாற் குடும்பத்தின் வருவாய் கெடும். ஈரக் காலுடன் கிணற்றடிக்குச் செல்லும் மனிதர் இறந்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

வடத்தை எவ்வாறு தாங்கிப் பொருத்துதல் வேண்டும் என்பதையும், பொருத்தப்பட்டதை எவ்வாறு பரிசோதித்தல் வேண்டும் என்பதையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. மின்னிணைப்புக்களைச் செய்தல் தகுதி பெற்ற மின்வேலையாளருக்குரிய தொழில். அவ்வேலையைச் சரியாகக் கேட்டுப் பெறவும், பின்னர் அதனைக் காத்துக்கொள்ளவும் வேண்டிய அறிவு கமக்காரருக்கு உரியது.

1. அடிப்படை விதி

வடத்தின் நடுவே மின்னைக் கடத்தும் செப்புக் கம்பிகள் உள்ளன. அவற்றைச் சுற்றிக் காவற்பொருளும், அதற்கு மேலே வெளியுறையும் உள்ளன. சாதாரண வடங்களில் இவ்விரண்டும் பீ.வீ.சீ. எனப்படும் பிளாத்திக்குப் பொருளாலானவை. செம்பு மின்னை நன்கு கடத்தும். ஆனால் இழுத்தால் நீளும், பலமுறை வளைத்தால் முறியும். பீ.வீ.சீ. மின்னை நன்கு தடுக்கும்; ஆனால் கூரிய விளிம்பிற் பட்டால் அறுபடும், நெடுநேர அழுத்தத்தில் நசியும், மிகுந்த வெப்பத்தில் இளகும். எனவே வடம் எனும் பொருள் மின்னைச் சுமப்பதற்கு ஏற்றதேயன்றி நிறையைச் சுமப்பதற்கு ஏற்றதன்று.

இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனில், வடம் மின்னைச் சுமத்தல் வேண்டும். வடத்தைக் கட்டடம் சுமத்தல் வேண்டும் என்பதே. கீழே கூறப்படும் முறைகள் யாவும் இவ்வொரு விதியின் விளக்கங்களே.

2. இழுத்துக் கட்டினாற் போதாதா?

வடம் தொங்கக்கூடாதெனிற் கூறியவுடன் அதனை இறுக இழுத்து இரு முனையிலும் கட்டிவிடலாம் எனச் சிலர் எண்ணுவர். இது தொங்கவிடுவதிலும் கேடானது. இரு கைமரங்களுக்கு இடையே 4 மீற்றர் நீளத்துக்கு ஒரு வடம் தாங்கலின்றிச் செல்கின்றது என வைத்துக்கொள்வோம். நடுவிலே 5 சென்ரிமீற்றர் மாத்திரமே தொய்யும்படி அதனை இழுத்துக் கட்டினால், வடத்தில் ஏற்படும் இழுவிசை அந்த 4 மீற்றர் வடத்தின் முழு நிறையைப்போல் 10 மடங்காகும். தொய்வை அரைவாசியாகக் குறைத்தால் இழுவிசை 20 மடங்காகும். இவ்விசை இரவும் பகலும் ஓயாது வடத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதன் பயனாகச் செப்புக் கம்பி மெல்ல நீளும். ஆளியினுள்ளும் இணைப்புப் பெட்டியினுள்ளும் திருகாணிகளாற் பிடிக்கப்பட்ட முனைகள் சிறிது சிறிதாக வெளியே இழுபடும். தளர்ந்த முனையில் வெப்பம் உண்டாகும்; பொறி பறக்கும்; அருகே வைக்கோலோ தும்போ இருப்பின் தீப்பற்றும்.

வடத்தை அடுத்தடுத்துத் தாங்கினால் இழுக்கவேண்டிய தேவையே இல்லை. சிறு இடைவெளியில் வடம் தன் விறைப்பினாலேயே நேராக நிற்கும். ஆகையால் நல்ல வேலையிற் காணப்படுவது இறுக்கமன்று, நெருக்கமான தாங்கலே.

3. வடத்தின் வழியைத் தெரிதல்

கவ்விகளை வாங்குமுன் வடம் செல்லவேண்டிய வழியைச் சுவரிற் கோடிட்டுக் குறித்தல் வேண்டும். வழி எப்பொழுதும் கிடையாகவோ நிலைக்குத்தாகவோ அமைதல் வேண்டும். குறுக்கு வழியாகச் சாய்த்துக் கொண்டுசென்றால் வடம் சிறிது மிச்சப்படும். ஆனால் பின்னொரு நாள் அச்சுவரில் ஆணி அறைபவருக்கு வடம் எங்கே செல்கின்றதென ஊகிக்க முடியாது.

கமக் கட்டடங்களிற் பின்வரும் இடங்களைத் தவிர்த்தல் நன்று:

(அ) கூரைத் தகரத்தின் உட்புறம். நண்பகலில் இங்கு வெப்பம் மிகும். சாதாரண பீ.வீ.சீ. வடத்தின் கம்பி 70 பாகை செல்சியசுக்கு மேற் சூடாதல் கூடாது. 30 பாகைச் சூழலிற் கொண்டுசெல்லக்கூடிய மின்னோட்டத்தில் 87 சதவீதத்தை மாத்திரமே அவ்வடம் 40 பாகையிற் கொண்டுசெல்லலாம். 50 பாகையில் 71 சதவீதத்தையே கொண்டுசெல்லலாம். எனவே வடத்தைத் தகரத்துடன் ஒட்டாது, காற்றோட்டமுள்ள சுவரின் மேற்பாகத்தில் அல்லது வளையின் பக்கத்திற் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

(ஆ) சுவரின் உச்சியும் வளையின் மேற்புறமும். இவை எலிகளும் அணில்களும் ஓடும் பாதைகள். எலியின் முன்பற்கள் ஓயாது வளர்வன. அவற்றைத் தேய்ப்பதற்காக அது எதையும் கொறிக்கும். வளையின் மேலே கிடத்தப்பட்ட வடம் அதற்கு எளிதில் எட்டும். வளையின் பக்கத்திற் கவ்வப்பட்ட வடத்தைக் கொறிக்க எலிக்குக் காலூன்ற இடம் கிடைப்பது அரிது.

(இ) வைக்கோற் பரணும் தீன் மூடைகள் அடுக்கும் மூலையும். வைக்கோலால் மூடப்பட்ட வடத்தின் வெப்பம் வெளியேறாது. மூடைகள் உரசினால் உறை தேயும்.

(ஈ) நீர்க்குழாய். அதனுடன் வடத்தைச் சேர்த்துக் கட்டுதல் கூடாது. குழாய் அதிரும், வியர்க்கும், என்றோ ஒரு நாள் ஒழுகும்.

4. தாங்கிகளின் இடைத்தூரம்

இலங்கையின் மின்னிணைப்பு வேலைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் மின்னிணைப்பு விதிகளைத் தழுவியே நடைபெறுகின்றன. அவ்விதிகளுக்கமைந்த கைந்நூல்கள், எளிதில் எட்டக்கூடிய இடங்களிற் பொருத்தப்படும் கவசமில்லாத பீ.வீ.சீ. வடங்களுக்குக் கூறும் ஆகக்கூடிய இடைத்தூரங்கள் இவை:

வெளி விட்டம் 9 மி.மீ. வரை: கிடையாக 250 மி.மீ.; நிலைக்குத்தாக 400 மி.மீ.
9 முதல் 15 மி.மீ. வரை: கிடையாக 300 மி.மீ.; நிலைக்குத்தாக 400 மி.மீ.
15 முதல் 20 மி.மீ. வரை: கிடையாக 350 மி.மீ.; நிலைக்குத்தாக 450 மி.மீ.
20 முதல் 40 மி.மீ. வரை: கிடையாக 400 மி.மீ.; நிலைக்குத்தாக 550 மி.மீ.

தட்டையான வடமாயின் அதன் அகலத்தையே விட்டமாகக் கொள்க. மெல்லிய வடத்துக்கு இடைத்தூரம் குறைவாகவும் தடித்த வடத்துக்குக் கூடுதலாகவும் இருப்பதைக் கண்டு வியக்கவேண்டியதில்லை. தடித்த வடத்தின் நிறை கூடுதலாயினும் அதன் விறைப்பு அதனினும் கூடுதலானது. எனவே அது எளிதிற் தொய்யாது. நிலைக்குத்தாகச் செல்லும் வடம் பக்கவாட்டிற் தொய்வதில்லை. ஆகையால் அங்கு இடைத்தூரம் சிறிது கூடலாம். ஆயினும் அங்கு ஒவ்வொரு கவ்வியும் வடம் கீழே வழுவாதபடி பிடித்தல் வேண்டும்.

வடத்தைப் பீ.வீ.சீ. குழாயினுள்ளே கொண்டுசெல்வதாயின், 20 மி.மீ. குழாயைக் கிடையாக 1.5 மீற்றருக்கு ஒரு கவ்வியாலும், நிலைக்குத்தாக 1.75 மீற்றருக்கு ஒரு கவ்வியாலும் பிடித்தல் வேண்டும். குழாய் வெயிலில் நீளும் என்பதை மறத்தல் ஆகாது. 3 மீற்றர் நீளமான குழாய் 20 பாகை வெப்ப உயர்வில் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும். கவ்விகள் குழாயைச் சிறிது நழுவவிடும்படி இருப்பின் அது நேராக நிற்கும். இறுகப் பிடித்தால் வில்லைப்போல் வளைந்து கவ்விகளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடும்.

ஓர் உதாரணம்: கொட்டிலின் சுவரில் 10 மி.மீ. அகலமான தட்டை வடமொன்று 2.4 மீற்றர் மேலேறி, 6 மீற்றர் கிடையாகச் சென்று, 1.2 மீற்றர் கீழிறங்கி ஆளியை அடைகின்றது. மேலேறும் பகுதியில் 400 மி.மீ. வீதம் 6 இடைவெளிகளும், கிடைப் பகுதியில் 300 மி.மீ. வீதம் 20 இடைவெளிகளும், இறங்கும் பகுதியில் 3 இடைவெளிகளும் உள. ஆக இடைவெளிகள் 29; இரு முனைகளையும் சேர்த்துக் கவ்விகள் 30. இரண்டு மூலைகளிலும் மூலையிலே ஒன்று அறைவதற்குப் பதிலாக அதன் இருபுறமும் ஒவ்வொன்று அறைதல் வேண்டுமாதலால் மேலும் 2 தேவை. மொத்தம் 32. உடைவதற்கும் கெடுவதற்கும் சிலவற்றைச் சேர்த்து 40 கவ்விகள் வாங்கினாற் போதும். இத்தனை கவ்விகளின் விலை, வேலையின் மொத்தச் செலவில் மிகச் சிறு பங்கே என்பதைக் கமக்காரர் தாமே கணக்கிட்டுக் காணலாம்.

5. கவ்விகளைப் பொருத்தல்

வேலை தொடங்குமுன் பிரதான ஆளியை நிறுத்துதல் வேண்டும். பழைய வடம் செல்லும் சுவரில் ஆணி அறைவதாயின் இது இன்றியமையாதது.

கவ்வியின் அளவு வடத்தின் அளவுக்குப் பொருந்தவேண்டும். பெரிய கவ்வியில் வடம் ஆடும். சிறிய கவ்வி வடத்தை நசிக்கும். ஆணியை அறையும்போது கவ்வி சுவரிற் படிந்ததும் நிறுத்துக. அதற்கு மேலும் அறைந்தால் உறை பிதுங்கும். பிதுங்கிய இடத்திற் காவற்பொருள் மெலியும். தட்டை வடம் எங்கும் முறுக்கின்றித் தட்டையாகவே செல்லுதல் வேண்டும்.

சீமெந்துச் சுவர்: புதிய பூச்சு நன்கு காய்ந்தபின்பே அறைதல் வேண்டும். பூச்சு உதிரும் பழைய சுவரில் ஆணி நிலையாது. அங்கு துளையிட்டுப் பிளாத்திக்கு முளை செருகித் திருகாணி இடுதல் வேண்டும். முன்னாளிற் செய்ததுபோல் மரமுளை அடித்தால் அதனைக் கறையான் தின்றுவிடும். சில வருடங்களில் வடம் கவ்விகளுடன் கீழே விழும்.

பனங் கைமரம்: பனையின் வெளிப்புறம் மிகக் கடினமானது; உட்புறம் சோற்றியானது. சிறு ஆணி வெளிப்புறத்தில் வளையும்; உட்புறத்தில் நில்லாது. ஆகையால் வெளிவைரத்திற் சிறு துளை இட்டுத் திருகாணியாற் பிடித்தல் வேண்டும். கைமரத்தையோ வளையையோ வெட்டிப் பள்ளமிட்டு வடத்தைப் பதித்தல் கூடாது. அது மரத்தின் வலுவைக் குறைக்கும்.

தகரச் சுவர்: தகரத்திலே நேராகக் கவ்வியைப் பொருத்துதல் கூடாது. காற்றிலே தகரம் ஓயாது அதிரும். ஈரத்தில் மின்கசிவு ஏற்படின் சுவர் முழுவதும் மின்னேறும். உள்ளே மரச்சட்டமொன்றை நாட்டி, அதிலே வடத்தைப் பொருத்துக. தகரச் சுவரையும் இரும்புச் சட்டங்களையும் புவியுடன் இணைக்கும்படி மின்வேலையாளரைக் கேட்டல் வேண்டும்.

கிடுகுக் கூரை: கிடுகும் ஓலையும் வருடாவருடம் மாற்றப்படுவன. அவற்றின் கட்டுக்களுடன் வடத்தைச் சேர்த்துக் கட்டினால், வேய்பவரின் கத்தி வடத்தையும் அறுக்கும். எனவே வடம் வளையிலோ நடுக்கப்பிலோ மாத்திரமே செல்லுதல் வேண்டும். ஓலையை ஒருபோதும் தொடுதல் கூடாது.

பின்வருவன கவ்விகள் அல்ல என்பதை நினைவிற் கொள்க: வளைத்த ஆணி, வேலிக் கட்டைகளில் அறையும் யூ ஆணி, கட்டுக் கம்பி, தும்புக் கயிறு. முதல் மூன்றும் உறையை அறுக்கும். கயிறு மழையிற் சுருங்கி இறுகும். வெயிலில் உக்கி அறும். நைலோன் பட்டிகளாற் கட்டுவோர், வெயில் படும் இடங்களிற் கறுப்பு நிறமான, வெயிலைத் தாங்கவல்ல பட்டிகளையே உபயோகித்தல் வேண்டும். வெள்ளைப் பட்டிகள் வெயிலிற் காய்ந்து ஒடிந்துவிடும்.

6. வளைவுகள், துளைகள், முனைகள்

வடத்தை மூலையில் மடித்தல் கூடாது; வளைத்தல் வேண்டும். வளைவின் உட்புற ஆரை, 10 மி.மீ. வரையான வடத்துக்கு அதன் விட்டத்தைப்போல் 3 மடங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 10 முதல் 25 மி.மீ. வரையானதற்கு 4 மடங்கும், இரும்புக் கவசமுள்ள வடத்துக்கு 6 மடங்கும் வேண்டும். வளைவின் இருபுறமும் அருகருகே ஒவ்வொரு கவ்வி இடுக.

சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்திற் குழாய்த் துண்டொன்றைப் பதித்து அதனூடாக வடத்தைச் செலுத்துக. வெளிச்சுவராயின் குழாயை வெளிப்புறம் நோக்கிச் சிறிது சரித்துப் பதித்தால் மழைநீர் உள்ளே வராது. வெளியே இருந்து வரும் வடம் துளையை அடையுமுன் சற்றுக் கீழே இறங்கிப் பின் மேலேறும்படி விட்டால், வடத்தின் வழியே ஓடிவரும் நீர் அத்தாழ்ந்த இடத்திற் சொட்டிவிடும். உலோகப் பெட்டியின் துளைக்கு இறப்பர் வளையம் இடுதல் இன்றியமையாதது.

ஆளி, விளக்கு, இணைப்புப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு கவ்வி இருத்தல் வேண்டும். வடத்தின் நிறையை அக்கவ்வி தாங்கும். உள்ளே உள்ள திருகாணி மின்னை மாத்திரம் வாங்கும். மின்குமிழை வடத்திலேயே தொங்கவிடும் வழக்கம் கொட்டில்களில் மிகுதி. காற்றில் ஆடும் குமிழ் நாளடைவில் வடத்தின் முனையை முறித்துவிடும். குமிழ்ப் பிடியை வளையிற் திருகாணியாற் பொருத்துதலே முறை.

7. மாட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும்

மாடு நான்கு கால்களாலும் ஈரநிலத்தில் நிற்கின்றது. அதன் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே ஏறக்குறைய 1½ மீற்றர் தூரம் உண்டு. நிலத்திலே மின்கசியும்போது இவ்விரு இடங்களுக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடு, மாட்டின் உடலூடாக மின்னைச் செலுத்தும். செருப்பணிந்த மனிதருக்குத் தெரியாத சிறு கசிவும் மாட்டைக் கொல்லக்கூடும். காரணம் புலப்படாது மாடு கொட்டிலுக்குள் வர மறுப்பதும், நீர்த்தொட்டியில் வாய்வைத்தவுடன் துள்ளி விலகுவதும் மின்கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். அவ்வேளை பிரதான ஆளியை நிறுத்திவிட்டு மின்வேலையாளரை அழைத்தல் வேண்டும்.

ஆகையாற் கொட்டிலில் வடம் மாட்டின் வாயும் கொம்பும் எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கீழே இறங்கியே ஆகவேண்டிய இடத்தில் அதனைத் தடித்த குழாயினுள் இட்டு, மாடு உரசினும் கழலாதபடி குழாயைத் திருகாணிகளாற் பிடிக்க. ஆளியை மாடு கட்டும் பக்கத்திற் பொருத்தாது வாயிலின் வெளிப்புறத்தில், மழை படாதவாறு பொருத்துக.

கவ்வியின் உலோகத்தையும் இங்கு சிந்தித்தல் வேண்டும். சாணத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எழும் அமோனியா பித்தளைக்குப் பகையானது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்புற்றன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே இதற்குக் காரணம் என 1921இல் ஆராய்ச்சியாளர் விளக்கினர். பழைய கட்டடங்களில் மரச்சட்டத்தின்மேல் வடத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய பித்தளைக் கவ்விகளுக்கும் கொட்டிலில் இதே கதி நேரலாம். சாதாரண இரும்பு ஆணியோ துருப்பிடிக்கும். எனவே கொட்டிலிலும் கோழிக்கூட்டிலும் பிளாத்திக்குக் கவ்விகளைத் துருப்பிடியாத உருக்குத் திருகாணிகளாற் பொருத்துதல் நன்று. கடற்கரையை அடுத்த ஊர்களுக்கும் இது பொருந்தும்.

நல்ல தாங்கலுடன் பாதுகாப்பு ஆளியும் சேர்தல் வேண்டும். கசிவை உணர்ந்து மின்னைத் துண்டிக்கும் ஆளி ‘ட்ரிப் சுவிச்சு’ எனப் பொதுவாக வழங்கப்படும். பிளக்கு மாட்டும் குதைகளுக்கு 30 மில்லியம்பியரிற் துண்டிக்கும் ஆளி வேண்டும். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்தி, அது தொழிற்படுகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

8. நீரிறைக்கும் யந்திர அறை

மோட்டர் அதிரும், சுவர் அதிராது. ஆகையால் சுவரிலிருந்து மோட்டருக்குச் செல்லும் இறுதித் துண்டு, நெகிழும் குழாயினுள்ளே சிறு வளைவுடன் தளர்வாகச் செல்லுதல் வேண்டும். மோட்டரின் பெட்டியினுட் புகும் இடத்தில் வடத்தின் உறையை இறுகப் பிடிக்கும் திருகுவாய் (கிளாண்டு என்பது) இருத்தல் வேண்டும். வடத்தை நிலத்திற் கிடத்தி அதன்மேல் நடந்து திரிதல் மிகவும் ஆபத்தானது.

குழாய்க்கிணற்றில் அமிழ்ந்து இறைக்கும் மோட்டருக்கு, நீர்க்குழாயுடன் வடத்தைக் கட்டக்கூடாதென்ற விதி பொருந்தாது. அங்கு தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. அதற்கென அமைந்த வடத்தை 3 மீற்றருக்கு மிகாத இடைவெளிகளில் ஏற்றுக்குழாயுடன் கட்டுதல் வேண்டும். பிளாத்திக்குக் குழாய் நீரின் நிறையால் நீளுமாதலாற் கட்டுக்களுக்கு இடையே வடத்திற் சிறு தளர்வு விடுக. மோட்டரை ஒருபோதும் வடத்தாற் தூக்குதலும் இறக்குதலும் கூடாது. அதற்குத் தனிக் கயிறு வேண்டும்.

வீட்டிலிருந்து யந்திர அறைக்கு வடத்தை மரத்துக்கு மரம் கட்டிக் கொண்டுசெல்லுதல் தவறு. மரம் வளரும், காற்றில் அசையும். மேலாகக் கொண்டுசெல்வதாயின், தன் நிறையைத் தானே தாங்கவல்ல வடத்தைக் கம்பங்களில் 6 மீற்றருக்குக் குறையாத உயரத்திற் கட்டுதல் வேண்டும். நிலத்தின் கீழ்க் கொண்டுசெல்வதாயின், கவசமுள்ள வடத்தை 0.6 மீற்றருக்குக் குறையாத ஆழத்திலும், உழுது பயிரிடும் நிலத்தில் 1 மீற்றருக்குக் குறையாத ஆழத்திலும் புதைத்தல் வேண்டும். வடம் செல்லும் வழியிற் குறிகல் நாட்டுக. மண்வெட்டியும் உழவு யந்திரமும் வடத்தை அறியா.

9. தீயும் தாங்கியும்

பிளாத்திக்குக் கவ்விக்கு ஒரு குறை உண்டு. தீயின் வெப்பத்தில் அது வடத்துக்கு முன்னரே இளகிவிடும். வடம் வலைபோலத் தொங்கும். இது எத்துணை ஆபத்தானது என்பதை இங்கிலாந்து இரு துயரச் சம்பவங்களால் உணர்ந்தது. 2005இல் இசுற்றீவனேச்சு நகரிலும், 2010இல் சவுதாம்ரன் நகரிலும் உயர்ந்த மாடிக் கட்டடங்களில் தீப்பற்றியபோது, ஒவ்வொன்றிலும் இரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தனர். பிளாத்திக்குத் தாங்கிகள் உருகிக் கீழே விழுந்த வடங்களில் வீரர்கள் சிக்கினமை இரு சம்பவங்களிலும் வெளிப்பட்டது. இதன்பின் தீயில் வடங்கள் முற்கூட்டியே விழாதபடி தாங்கப்படல் வேண்டுமென அந்நாட்டு விதி மாற்றப்பட்டது. 2015இல் மக்கள் வெளியேறும் வழிகளுக்கும், 2018இற் கட்டடம் முழுவதற்கும் அது விதிக்கப்பட்டது.

மாடிக் கட்டடத்துக்குரிய இப்பாடம் ஓலைக் கொட்டிலுக்கும் உரியதே. தீப்பற்றிய கொட்டிலினுட் புகைக்கிடையே குனிந்து மாடுகளின் கயிற்றை அவிழ்க்கும் ஒருவரின் தலைமேல் வடங்கள் விழுந்தால், அவரும் வெளியேற முடியாது, மாடுகளும் வெளியேற முடியாது. எனவே வாயிலின் மேலும், மாடுகள் வெளியேறும் வழியின் மேலும், கூரையின் கீழும் செல்லும் வடத்தை இடையிடையே உலோகக் கவ்விகளாலும் பிடித்தல் வேண்டும். மேலே கூறிய காரணத்தாற் கொட்டிலில் இவை துருப்பிடியாத உருக்காலானவையாக இருத்தல் வேண்டும்; அவற்றின் விளிம்பு உறையை வெட்டாதபடி மழுங்கியிருத்தலும் வேண்டும்.

10. வருடத்தில் இரு தடவை பரிசோதனை

புரட்டாதியில், வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னர் ஒரு தடவையும், மழை ஓய்ந்தபின் மாசியில் ஒரு தடவையும் பகல் வெளிச்சத்திற் கட்டடங்களைச் சுற்றிப் பார்க்க. கண்ணாற் பார்த்தாற் போதும்; கையால் தொடுதல் வேண்டாம். காணவேண்டியவை:

(அ) கழன்ற, உடைந்த, துருப்பிடித்த கவ்விகள்.
(ஆ) தொய்ந்த வடம். கூரையிலோ தகரத்திலோ உரசும் வடம்.
(இ) எலி கடித்த அடையாளம். வெடித்த அல்லது நிறம் மாறிய உறை.
(ஈ) ஆளியினருகே கருகிய அடையாளம் அல்லது கருகல் மணம்.
(உ) புதிதாக யாரேனும் கட்டிய தற்காலிக வடம். விழாவுக்கோ அறுவடைக்கோ கட்டியது அவ்வேலை முடிந்தவுடன் அகற்றப்படல் வேண்டும்.

குறைபாடு காணின் மின்னை நிறுத்தி, மின்வேலையாளரைக் கொண்டு திருத்துவிக்க. உறை காயப்பட்ட வடத்துக்கு ஒட்டுநாடா சுற்றுதல் திருத்தமாகாது. அத்துண்டை மாற்றுதலே திருத்தம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வடம் மின்னைச் சுமக்க; வடத்தைக் கட்டடம் சுமக்க.
2. இறுக இழுக்காதீர், நெருக்கமாகத் தாங்குங்கள்.
3. கிடையாக 250 முதல் 300 மி.மீ., நிலைக்குத்தாக 400 மி.மீ. என்பது சிறு வடங்களுக்குரிய அளவு.
4. ஆணி, கம்பி, கயிறு ஆகியன கவ்விகள் அல்ல.
5. மாட்டின் வாய்க்கும் எலியின் பல்லுக்கும் எட்டாத வழியைத் தெரியுங்கள்.
6. வாயிலின் மேல் உலோகக் கவ்வி இடுங்கள்.
7. மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் பாருங்கள்.

புதிய கொட்டிலோ யந்திர அறையோ கட்ட எண்ணியுள்ள கமக்காரர்கள், சுவர் எழும்புமுன்னரே வடத்தின் வழியை வரைந்து, கட்டுபவருக்கும் மின்வேலையாளருக்கும் காட்டுதல் நன்று. கூரை வேய்ந்தபின் வழி தேடுவதிலும், வளை ஏற்றும்போதே அதனைக் குறித்து வைப்பது இலகுவானது, செலவும் குறைவானது.